இரண்டு முறை கை தட்டியவர்

லிஃப்ட்காரர் எதிலும் தீவிரமான ஆள் இல்லை. பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். அதில் மட்டும் கறாராக இருப்பார். அசட்டையாக இருந்தால் யாராவது ஏழு மாடி கீழே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மற்றதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒற்றர் படம் பார்ப்பார். முதல் சண்டை வரைக்கும் விழித்திருப்பார். நடுவில் தூங்கிப்போவார். கார்கள் ஒன்றையொன்று துரத்தும் சத்தத்தில் எழுந்து, "இதுல நல்லவன் எவன்?" என்று மனைவியிடம் கேட்பார். சர்வதேசக் கால்பந்துப் போட்டிகளையும் அப்படித்தான் பார்ப்பார். வீரர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. "அந்த நெட்டையன்", "அந்த ஒன்பதாம் நம்பர்" என்பார். இரண்டிலும் யாரோ ஓடுகிறார்கள், யாரோ விரட்டுகிறார்கள், தான் ஓட வேண்டியதில்லை. அவருக்கு அது போதும்.

நாட்டுக்கு அது போதவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அரையிறுதிப் போட்டி. எதிரணி, பக்கத்து நாடு. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் பெரிய திரை கட்டி, நாற்காலி போட்டு, எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள். முப்பதாவது நிமிடத்தில் பக்கத்து நாட்டின் பதினோராம் நம்பர், மைதானத்தின் நடுவிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினான். நம் ஆட்கள் நான்கு பேர் அவனைத் தடுக்கப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தார். பந்து இடப்பக்கம் போனது.

கூடம் செத்துப்போனது போல் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் லிஃப்ட்காரர் "அடேங்கப்பா!" என்று சொல்லி இரண்டு முறை கை தட்டினார். மூன்றாவது முறை தட்டக் கையை விரித்தபோதுதான் எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டார். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், குளிருக்குத் தேய்ப்பது போல் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு நல்ல வெயில்.

பக்கத்தில் அவர் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அது அவனுங்க போட்ட கோல்."

"தெரியுதுப்பா. நல்லாப் போட்டான்ல?"

"மெதுவாப் பேசுங்க மாமா!"

மச்சான் அடுத்த நாற்காலிக்கு மாறினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த வரிசைக்குப் போனார். ஆட்டம் முடியும்போது வாசற்கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் நம் நாடு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. விவகாரம் அதோடு முடிந்தது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஜெயித்த சந்தோஷத்தில்கூடக் கடமை மறக்காத குடியிருப்போர் சங்கச் செயலாளர், அன்றைக்கே உட்கார்ந்து நாட்டுணர்வுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு புகார் எழுதினார்.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குள், பிரேக்கைக் கழற்றி வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவின்மேல் 'பழுது. ஏறாதீர்கள்' என்று பலகை மாட்டியிருந்தார். அவரைப் பிடிக்க வந்த நான்கு பேரும் அந்தப் பலகையைப் படித்தார்கள். தங்களை ஏமாற்றத்தான் அது மாட்டப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்து ஏறிவிட்டார்கள். அதே நேரத்தில் லிஃப்ட்காரர் பிரேக்கைத் திரும்ப மாட்டி, சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் மின்சாரம் கொடுத்து நிறுத்தினார். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது.

உள்ளிருந்து கூச்சல் வந்ததும் பதறியடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். நான்காவது மாடிக் கதவைச் சாவி போட்டு நெம்பித் திறந்து, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்து, கையைக் கீழே நீட்டினார்.

"பயப்படாதீங்க சார். ஒவ்வொருத்தரா வாங்க. கயிறு அறுந்து விழாது. நான் இருக்கேன்."

முதல் ஆளைக் கைபிடித்து இழுத்து மேலே ஏற்றினார். அந்த ஆள் எழுந்து நின்று, சட்டையைத் தட்டிவிட்டு, அவர் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டான். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள் கனமானவன். அவனைத் தூக்க முதல் இருவரும் லிஃப்ட்காரருக்கு உதவ வேண்டியிருந்தது. நான்காவது ஆள் மட்டும் "ரொம்ப நன்றிங்க" என்றான். சொல்லிவிட்டு, முழங்காலை மடக்கி அவர் விலாவில் இறக்கினான்.

நாட்டுணர்வுக் கண்காணிப்பு அலுவலகம் முன்பு கால்நடை மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. தரையில் கழுவிவிட வாட்டமாகச் சாக்கடையும் இருந்தது. அலுவலகம் குடிவந்தபோது புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

லிஃப்ட்காரரை ஒரு வளையத்தில் கட்டினார்கள். அந்த அறையில் அடிக்கிற ஊழியர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவனை உளி என்பார்கள். அவன் அடித்தால் அடையாளம் தெரியும். இன்னொருவன் பஞ்சு, அவன் அடித்தால் தெரியாது. மூலையில் ஓர் அம்மாள் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மென்மையான குரல்.

"பாருங்க தம்பி, இங்க யாரும் யாரையும் அடிக்கிறதில்ல. வலி உங்களுக்குள்ளயே இருக்கு. நாங்க அதை வெளிய கொண்டு வர்றோம், அவ்வளவுதான்" என்றார். "நேத்து ரெண்டு தடவை கை தட்டினீங்க. என்ன அர்த்தம்?"

"நல்ல கோல்னு அர்த்தம் சார்."

உளி அடித்தான். லிஃப்ட்காரரின் கீழ்ப்பல் ஒன்று நாக்கின்மேல் வந்து கிடந்தது.

"ஒரு தட்டுன்னா கொசு. மூணு தட்டுன்னா பாராட்டு. ரெண்டு தட்டுன்னா சங்கேதம். எங்க கையேட்டுல தெளிவா இருக்கு."

"மூணாவது தட்டத்தான் சார் வந்தேன். எல்லாரும் பாத்தாங்க. நிறுத்திட்டேன்."

இயக்குநரின் முகம் பிரகாசமானது. "அப்போ செய்தி பாதியில நின்னிருக்கு! மீதிச் செய்தி என்ன?"

இந்தமுறை பஞ்சு அடித்தான். லிஃப்ட்காரர் அலறினார். மூலையிலிருந்த அம்மாள் விரலைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "சார், 'ஐயோ'வுக்கு ஐ போடறதா, இல்ல அ-வும் ய்-யும் போடறதா?"

"ஐ போடுங்கம்மா. அலுவலக ஆவணம் பாருங்க."

சாயங்காலம் ஒரு டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், விலாவை அமுக்கினார். லிஃப்ட்காரர் துடித்தார். டாக்டர் ஓர் அட்டையில் 'ஒரு நாளைக்கு நாற்பது அடி வரை தாங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் தலைக்கு மேல் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். லிஃப்டுக்குள் இத்தனை ஆள், இத்தனை கிலோ என்று தகடு அடித்திருப்பார்கள். அதை ஆயிரம் முறை துடைத்தவர் அவர். அந்த அட்டை எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டைச் சோதனை போட்டுவிட்டு வந்தார்கள். ஒற்றர் படங்களின் குறுந்தகடுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடைத்தன. பெட்டியைப் பார்த்ததும் இயக்குநர் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, கைதிக்கு எதிரே நெருக்கமாக உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். நாட்டு மேல அன்பு தன்னால வரும்னு நாங்க ரொம்ப நாள் நம்பினோம். வரல. அதனால ஆள் போட்டோம். போன வருஷம் மட்டும் இந்த அலுவலகம் முந்நூத்திப் பன்னெண்டு ஒற்றர்களைப் பிடிச்சிருக்கு. விசாரிச்சுப் பாத்தா அதுல ஒருத்தன்கூட ஒற்றன் இல்ல. எதிரி எவ்வளவு பயந்து போயிருந்தா ஒரே ஒரு ஒற்றனைக்கூட அனுப்பாம இருப்பான்! ஆனா மேலிடத்துல இதைப் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க. ஒரே ஒரு நிஜ ஒற்றனைக் காட்டுன்னு கேக்கறாங்க. நீங்கதான் எனக்கு உதவணும்."

"எனக்கு யாரையும் தெரியாது சார்."

"இந்தப் படங்கள்ல என்ன கத்துக்கிட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

லிஃப்ட்காரர் ஒரு படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல ஒரு விஷயம் புலப்பட்டது: அவர் பேசிக்கொண்டிருக்கும்போது உளியும் பஞ்சும் அடிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் கதையை இழுத்தார். தூங்கிப்போன இடங்களில் சொந்தமாகச் சேர்த்தார். ஒரு ஆளுக்குப் பழுப்புக் கோட்டு மாட்டினார். அவன் கையில் நீளமான கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். அவனைப் பதினோரு மணிக்கு ஒரு பாலத்தின்மேல் நடக்க வைத்தார். தட்டச்சு இயந்திரம் படபடவென்று ஓடியது.

"எந்தப் பாலம்?" என்றார் இயக்குநர்.

"படத்துல பேரு சொல்லல சார்."

உளி கையை ஓங்கினான். லிஃப்ட்காரருக்குத் தெரிந்த பாலம் ஒன்றுதான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவர் கடக்கிற பாலம்.

"ரயில்வே பாலம்" என்றார்.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. ஆறு பேர் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

ரயில்வே பாலத்தின்மேல் அன்று பதினோரு மணிக்குப் பலர் நடந்தார்கள். அதில் ஒருவர் கிளாரினெட் வாசிப்பவர். பழுப்பு நிறத்தில் அவரிடம் இருந்தது கோட்டு அல்ல, ஸ்வெட்டர். பெட்டியும் அவ்வளவு ஒன்றும் நீளம் இல்லை. ஆனால் கறுப்பு. ஆறு பேரும் அவரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினார்கள். கூடியிருந்த ஜனங்களிடம் "ஒற்றன்! ஒற்றன்!" என்றார்கள். ஜனங்களில் சிலர், தங்களுக்கும் நாட்டுணர்வு இருப்பதைக் காட்ட, ஆளுக்கு ஓர் உதை விட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் உதைத்தார்.

அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தார்கள். துண்டு துண்டாக இருந்த கருவியைப் பொருத்தி உளி ஊதிப் பார்த்தான். மாடு கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது. "ஆயுதம் வேலை செய்கிறது" என்று அறிக்கையில் ஏற்றினார்கள். பிறகு கருவியைப் பிரித்து உள்ளே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கருவியில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது கையேட்டில் அடுத்த பத்தி.

நடுவில் ஒரு சுவர்தான். லிஃப்ட்காரருக்கு எல்லாம் கேட்டது. முதலில் அந்த மனிதர் கெஞ்சினார். பிறகு, "உதட்டுல அடிக்காதீங்க சார், உதட்டுல மட்டும் வேணாம், நான் ஊதறவன்" என்றார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை அவர்களுக்கு எங்கே அடிப்பதென்று ஒரு தெளிவு இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த குரலில் வார்த்தை எதுவும் இல்லை. தட்டச்சு இயந்திரம்கூடத் தயங்கி நின்றது.

இயக்குநர் கையில் டீயோடு வந்தார். அதை லிஃப்ட்காரரின் வாயருகே அவரே பிடித்தார்.

"தகவல் அப்படியே சரியா இருந்துச்சு. குடிங்க."

"சார், அது சினிமாக் கதை சார்! பாலத்தை நான்தான் சேர்த்தேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. விட்டுடுங்க சார், அவரை விட்டுடுங்க!"

"அதாவது, வாக்குமூலத்தை வாபஸ் வாங்கறீங்க."

"ஆமா சார்."

"தாராளமா வாங்கலாம். நாம ஒண்ணும் காட்டுமிராண்டி இல்ல, சட்டத்துல இடம் இருக்கு." இயக்குநர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா ஒரு வாக்குமூலம் வாபஸ் ஆச்சுன்னா, அதை வாங்கறதுக்காகக் கொடுத்த அடியும் செல்லாமப் போயிடும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்படியே விட்டா நாளைக்குக் காலையில நீங்க வீட்டுக்குப் போயிடலாம். சாட்சின்னு ஒரு சான்றிதழும் தருவோம்."

லிஃப்ட்காரர் வீரர் இல்லை. பல் பிடுங்கக்கூட மனைவியைத் துணைக்கு அழைத்துப் போகிறவர். அவர் தன் கைகளைப் பார்த்தார். ஸ்பேனர் பிடிக்கிற கைகள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாய்வழியாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிங்க சார்" என்றார்.

உளிக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இதுவரை யாரும் வாபஸ் வாங்கும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தியதில்லை. கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். வியாழக்கிழமை விழுந்த அத்தனையும் வெள்ளிக்கிழமை மறுபடி விழுந்தது. ஏற்கெனவே விழுந்துவிட்ட பல்லுக்குப் பதிலாக அடுத்த பல்லைத் தட்டினார்கள். கடைசியில், கை தட்டிய குற்றம் தனியாக நிற்பதால், இடக்கையில் இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. மூன்று தடவை சாத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அவர் மனைவி அலுவலக வாசலுக்கு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். வேலை உடையோடு நேரே வந்திருந்தார். வரவேற்பு மேசையில் பஞ்சு உட்கார்ந்திருந்தான்.

"எங்க வீட்டுக்காரரை இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"அப்படி யாரும் இங்க இல்லைங்கம்மா."

உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது.

"அது அவர் குரல்" என்றார் மனைவி.

"அது டிவிம்மா. மேட்ச் ஓடுது."

"இன்னைக்கு மேட்ச் இல்ல. நாளைக்குத்தான் ஃபைனல்."

பஞ்சு யோசித்தான். "மறு ஒளிபரப்பு" என்றான்.

"சரி. அந்த மறு ஒளிபரப்புக்கு விலாவுல முறிவு இருக்கு. மூச்சு இழுக்கும்போது நடுவுல வெட்டுது பாருங்க. படுக்க வச்சு அடிக்காதீங்க, நுரையீரல்ல குத்திடும். உங்க டாக்டர்கிட்டச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு." அவர் மேசையின்மேல் குனிந்தார். "என் தம்பி உங்ககிட்ட ஏதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானாமே?"

"ஆமாம்மா. அவர்கிட்டேருந்து மூணு தடவை இடம் மாறிப் போனேன்னு எழுதிக் கொடுத்தாரு. அவருக்கு நாட்டுணர்வுச் சான்றிதழ் குடுத்திருக்கோம். நல்ல பையன்."

அவர் வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கத்து நடைபாதையில் போய் உட்கார்ந்தார். எழுந்து போகவே இல்லை.

எப்படியோ அவர் சொன்னது டாக்டர் காதுக்குப் போய்விட்டது. டாக்டர் வந்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார், பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார்: 'மறு உத்தரவு வரை அடிக்கத் தகுதியற்றவர்.' வாபஸ் மேலிடத்துக்குப் போயிருந்ததால் இன்னும் விடப்படாத கிளாரினெட்காரரின் அறையிலும் அதே மாதிரி ஓர் அட்டை ஒட்டப்பட்டது.

அந்த இரண்டு அட்டைகளால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆயிற்று.

ஞாயிறு மத்தியானம் இறுதிப் போட்டி. அலுவலகக் கூடத்தில் டிவி வைத்து, எல்லா ஊழியர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரரையும் ஒரு நாற்காலியில் கட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். அவருடைய ரசனை திருந்தியிருக்கிறதா என்று பார்க்க. நம் அணி ஆரம்பத்திலிருந்தே சொதப்பியது. இடைவேளைக்கு முன் ஒன்று வாங்கியது. இடைவேளைக்குப் பின் இன்னும் இரண்டு வாங்கியது. மூன்றாவது கோலை நம் ஆளே நம் வலைக்குள் தட்டிவிட்டான். லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு தீவிரமாக எந்த ஆட்டத்தையும் பார்க்காமல் இருந்ததில்லை.

ஆட்டம் முடிந்த இரண்டாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "சரிங்கய்யா... ஆமாங்கய்யா, நல்லா ஆடினாங்க அவனுங்க... அஞ்சு மணிக்குள்ளங்கய்யா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"தோல்விக்குப் பொறுப்பான ஆள், அலுவலகத்துக்கு ஒருத்தர். அஞ்சு மணிக்குள்ள நடவடிக்கை எடுத்து முடிச்சு, அறிக்கை போகணும்."

எல்லாரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். உளி சட்டைக்கையை மடக்கினான்.

"அவர் மேல கை வைக்கக் கூடாது, அட்டை ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர்.

"அந்தக் கிளாரினெட்?"

"அவருக்கும் ஒட்டியிருக்கு."

"அட்டையைக் கிழிங்க டாக்டர்!" என்றார் இயக்குநர்.

"மறு உத்தரவுக்கு மேலிடத்துல கையெழுத்து வாங்கணும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

மணி நாலே கால். ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பஞ்சுதான் பேசினான். "ரெண்டாவது கோல் விழுந்தப்போ உளி ஒண்ணுக்குப் போயிருந்தான் சார்."

"அடக்க முடியலடா!"

"நாட்டுக்கு ஒரு நெருக்கடின்னா அடக்க முடியாதா?" என்றார் இயக்குநர்.

உளியை நான்கு பேர் பிடித்து வளையத்தில் கட்டினார்கள். பஞ்சு அடித்தான். உளி பத்து வருடம் அடித்தவனே தவிர வாங்கியவன் இல்லை. மூன்றாவது அடியிலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான்: மூன்றாவது கோலுக்குப் பஞ்சு சிரித்தான், கனமானவன் பிஸ்கட் சாப்பிட்டான், "ஜீப்பு ஓட்டறவன் ஆரம்பத்துலயே தோத்துடுவோம்னு சொன்னான்!" ஒவ்வொரு பெயருக்கும் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. கட்டியவனை அவிழ்த்து, அடித்தவனைக் கட்டினார்கள். வளையங்கள் போதாமல் போனபோது கட்டாமலே அடித்தார்கள். நாற்காலிகள் பறந்தன. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். டிவிக்குள் யாரோ யாருடைய தலையையோ செருகினார்கள். கையேட்டைத் தூக்கிக்கொண்டு "நடைமுறை! நடைமுறை!" என்று கத்திக்கொண்டே நடுவில் போன டாக்டரின் வாயில் அந்தக் கையேட்டையே திணித்தார்கள்.

லிஃப்ட்காரர் கட்டிய நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, மேசைக்கு அடியில் கிடந்தார். அங்கிருந்து இயக்குநரின் காலணிகள் தரையில் இழுபட்டுப் போவதைப் பார்த்தார்.

"நான் இயக்குநர்டா! என்ன ஆதாரம் இருக்கு?"

"போன்ல பேசும்போது 'நல்லா ஆடினாங்க அவனுங்க'ன்னு சொன்னீங்க சார்" என்றது உளியின் குரல். வாயில் ரத்தம் நிறைந்த குரல். "மன்னிச்சுக்குங்க சார். வலி உங்களுக்குள்ளயே இருக்கு."

தட்டச்சு அம்மாள் தன் மேசையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு வேலையை விடாமல் செய்தார். ஒரு கட்டத்தில் எட்டிப் பார்த்து, "சார், 'அம்மா'ன்னு கத்தினீங்களா, 'ஐயோ'ன்னா? சரியாக் கேக்கல" என்றார். பதில் வரவில்லை. முனகல் என்று போட்டுக்கொண்டார்.

மணி ஐந்து ஆனபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். காயமில்லாத மூத்த ஊழியர் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. அவர் பொறுப்பேற்றார். அறிக்கையை முடித்து உறையில் போட்டார். லிஃப்ட்காரரின் கட்டை அவிழ்த்தார்.

"போங்க. அந்த ரூம்ல இருக்கறவரையும் அனுப்பிடறேன். அஞ்சரைக்கு எனக்கு பஸ்."

"என்னை விடுதலை பண்ணிட்டாங்களாம்மா?"

"பண்றதுக்கு ஆள் இல்ல. கூட்டிட்டுப் போயி அடிக்கறதுக்கும் ஆள் இல்ல. நாளைக்குப் புதுசா போடுவாங்க. அதுக்குள்ள போயிடுங்க."

லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மனைவி சாலையைக் கடந்து ஓடிவந்தார். கட்டிப்பிடிக்கவில்லை; எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து, எடை முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டார்.

"மூச்சு மெதுவா விடுங்க. பேச வேணாம்."

பின்னால் கதவு மறுபடி திறந்தது. ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். பழுப்பு ஸ்வெட்டர் முழுக்கக் கறை. வலக்கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் திரும்பித் தொங்கியது. உதடுகள் இரண்டும் பிளந்து வீங்கி, முகத்தில் வேறு யாருடைய வாயையோ ஒட்டியது போலிருந்தது. இடக்கையில் கறுப்புப் பெட்டி. சட்டைப்பையில் லிஃப்ட்காரர் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். போகிறவர்களுக்கு நகல் தர வேண்டும் என்பதால் அந்த அம்மாள் கொடுத்திருந்தார்.

"லிஃப்ட் வேலை பாக்கறவர் நீங்களா?" என்றார். அந்த உதட்டில் சொற்கள் குழறின.

"ஆமா."

"பாலத்தைச் சொன்னது நீங்களா?"

சொல்வதற்கு லிஃப்ட்காரரிடம் நிறைய இருந்தது. சினிமாக் கதை என்று சொல்லலாம். வாபஸ் வாங்கினேன் என்று சொல்லலாம். இரண்டு விரல்களைக் காட்டலாம்.

"நான்தாங்க" என்றார்.

கிளாரினெட்காரர் பெட்டியைத் தரையில் பதவிசாக வைத்தார். நிமிர்ந்து, பழக்கமில்லாத இடக்கையை முட்டியாக்கி, லிஃப்ட்காரரின் முகத்தில் அடித்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மனைவி குறுக்கே பாய்ந்தார். லிஃப்ட்காரர் மனைவியின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. அவர் அடிக்கட்டும்."

ஆனால் கிளாரினெட்காரர் மறுபடி அடிக்கவில்லை. அடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள்கள் குலுங்கின. அழுவதற்கு வாயைக் கோணவும் அவரால் முடியவில்லை.

வாசற்காவலாளி தன் கூண்டிலிருந்து பதிவேட்டோடு ஓடிவந்தார். "யோவ், யோவ்! ரோட்டுல வச்செல்லாம் அடிக்கக் கூடாதுய்யா! அதுக்குத்தான் உள்ள ரூம் கட்டி வச்சிருக்கு. அனுமதி இருக்கா?"

மனைவி கிளாரினெட்காரரின் வலக்கையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எலும்பு விலகியிருக்கு. இப்பவே வந்தா சேத்துடலாம். உதட்டுக்கும் தையல் போடணும். நடக்க முடியுமா உங்களால?"

அவர் தலையாட்டினார்.

"அதெல்லாம் அப்புறம்" என்றார் காவலாளி. பதிவேட்டைப் பிரித்துவிட்டார். அடித்தவர், அடிபட்டவர், நேரம் எல்லாம் மளமளவென்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. மேலே இருந்த பக்கங்களைப் புரட்டினார். பக்கம் பக்கமாக அந்தக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. "இங்க காரணம்னு ஒண்ணு கேட்டிருக்கு. இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. என்னய்யா போடறது?"

லிஃப்ட்காரர் மூக்கைச் சட்டையால் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்பிக்கறதுக்காக ஒரு பாலத்தைச் சொன்னேன். அதுல அவர் நடந்துட்டு இருந்தாரு. அப்படியே எழுதிக்குங்க."

காவலாளி உதட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கட்டம் சிறியது, பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறியது. அவர் தலை நிமிர்ந்தபோது அந்த மூன்று பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் பாதி தூரம் போயிருந்தார்கள். நடுவில் மனைவி இருவரையும் தாங்கிக்கொண்டு நடந்தார். பெட்டியை லிஃப்ட்காரர் நல்ல கையில் வைத்திருந்தார்.